கோயிலும் ஏரியும் தறியும்
புதுவை வட்டாரத்தின் பொருளாதார வரலாறு

புதுச்சேரிப் பகுதி ஏறத்தாழ 293 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அது ஒரே துண்டாக அமைந்த நிலமன்று. பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் ஊர்களுக்கிடையே தனித்தனித் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. பேருந்தில் ஏறி ஒரு மணி நேரம் பயணம் செய்வோர் தமிழ்நாட்டு எல்லையையும் புதுவை எல்லையையும் மாறிமாறிப் பலமுறை கடந்து செல்வர். 18-ம் நூற்றாண்டில் நவாபுகளும் வெள்ளைக் கும்பினிகளும் ஊர்களைக் கொடுத்தும் பறித்தும் செய்துகொண்ட உடன்படிக்கைகளின் விளைவே இது. எல்லைக் கோடு எவ்வாறு சென்றாலும் ஆற்று நீரும் ஏரி வாய்க்காலும் நூல் வியாபாரமும் அக்கோட்டைப் பொருட்படுத்தியதில்லை. ஆதலால் இவ்வட்டாரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் நகரத்தை மட்டும் நோக்காமல், வில்லியனூர், பாகூர், திருபுவனை ஆகிய கோயிலூர்களையும் அவற்றைச் சூழ்ந்த வயல்களையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

உழவும் நெசவும் இவ்வட்டாரத்தில் எவ்வாறு வளர்ந்தன, யார் கைக்கு மாறின, எக்காரணத்தால் தளர்ந்தன என்பதை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். கூட்டுறவு என்னும் சொல் புதியதாயினும், அதன் உள்ளீடான பொதுப் பொறுப்பு நம் ஊர்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றி இருந்தது என்பதை இவ்வரலாறு காட்டும்.

கோயில் என்னும் பொதுப் பண்டாரம்

பாகூரில் 1879-ம் ஆண்டு ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ம் ஆட்சியாண்டில், அதாவது 9-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவை பொறிக்கப்பட்டவை. மூன்று ஊர்களின் வருவாய் பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச் சாலைக்கு, அளிக்கப்பட்டதை அவை கூறுகின்றன. இன்று பாகூரில் நிற்கும் மூலநாதர் கோயிலின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகளும், இடையில் இவ்வட்டாரத்தை ஆண்ட இராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டுகளும் உள்ளன.

பாகூருக்கு வடமேற்கே உள்ள திருபுவனையில் வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்குள்ள முதலாம் இராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு 1048-ம் ஆண்டைச் சேர்ந்தது. 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கொண்ட ஒரு கல்லூரியைப் பற்றி அது பேசுகிறது. அதன் செலவுக்காக 72 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. அந்நிலத்திலிருந்து ஆண்டுக்கு 12,000 கலம் நெல் வர வேண்டும் என்று கணக்கிடப்பட்டது. இக்கல்லூரியின் ஆசிரியரும் மாணாக்கரும் ஊர் வாரியங்களில் பணி புரிவதிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர் என்றும் அறிகிறோம். இவ்விலக்கு நமக்கு ஒரு செய்தியைத் தருகிறது. தனியே விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், மற்றவர்களுக்கு வாரியப் பணி ஒரு கடமையாகவே கருதப்பட்டது என்பதில் ஐயமில்லை.

வாரியம் என்றால் என்ன என்பதைக் காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் விரிவாகக் கூறுகின்றன. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில், எழுதப்பட்ட அவற்றில் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் எனப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. குடத்தில் ஓலையிட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பதவிக்கு வர இயலாது என்று விதி செய்திருந்தனர். இம்முறையில் குறை இல்லாமலில்லை. நிலமும் கல்வியும் உடைய பிராமணர் மட்டுமே அச்சபையில் இடம் பெற்றனர். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் அங்கே குரல் இருந்ததில்லை. ஆயினும், பொதுப் பணத்தைக் கையாண்டவன் கணக்குக் காட்டியே தீர வேண்டும் என்ற கொள்கை அன்றே கல்லில் ஏறிவிட்டது.

அக்காலக் கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. நெல் சேரும் களஞ்சியமும், பொன் வைக்கும் பண்டாரமும், பஞ்சத்தில் கடன் கொடுக்கும் இடமும் அதுவே. விளக்கெரிக்க விடப்பட்ட பொன்னை ஊர்ச்சபை வட்டிக்குப் பெற்று, அவ்வட்டியைக் கொண்டு தருமத்தை நடத்தி, முதலைச் சாகுபடிக்குப் பயன்படுத்தும் வழக்கம் சோழ நாடெங்கும் இருந்தது. இதனை நம் கடன் சங்கங்களின் மிகப் பழைய முன்னோடி என்று கூறினும் தவறாகாது.

ஏரி வேலை செய்யும் முறை

புதுவை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களிலேயே கொட்டிவிடும். அந்நீரைத் தேக்கி வைத்தாலன்றி மாசிக்கு மேல் வயலுக்கு நீர் கிடையாது. இதனாலேயே நம் முன்னோர் சிறியதும் பெரியதுமாக 84 ஏரிகளை இச்சிறு பகுதியில் அமைத்தனர். அவற்றுள் ஊசுட்டேரி மிகப் பெரியது. நீர் நிறைந்தால் ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரவும் அந்த ஏரியின் ஒரு பாதி புதுவையிலும் மறு பாதி தமிழ்நாட்டிலும் அமைந்திருக்கிறது. அதற்கு அடுத்தது பாகூர் ஏரி.

இவ்விரண்டும் மழையை மட்டும் நம்பி நிற்பவையல்ல. சங்கராபரணி ஆற்று நீரைச் சுத்துக்கேணி வாய்க்கால் ஊசுட்டேரிக்குக் கொண்டுவருகிறது. தென்பெண்ணை நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூருக்குக் கொண்டுவருகிறது. பங்காரி, சிங்காரி என்னும் இரு தாசிகள் தம் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டினர் என்று பாகூர்ப் பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. நகரத்தில் ஆயி மண்டபத்தைப் பற்றியும் இதுபோன்ற ஒரு கதை உண்டு. முத்தரையர்பாளையத்தில் குளம் வெட்டிய ஆயி என்னும் கணிகையின் நினைவாக, அங்கிருந்து நகருக்குக் குடிநீர் வந்த காலத்தில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் அம்மண்டபம் எழுப்பப்பட்டது. இக்கதைகளில் எவ்வளவு வரலாறு என்று அளந்து சொல்ல இயலாது. நீர் கொடுத்தவரை ஊர் மறக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

ஏரியின் அமைப்பை அறியாத இளைஞர்களுக்காகச் சில சொற்கள் கூறுவோம். நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கட்டப்பட்ட கரையே ஏரியின் உயிர். கரையில் மதகுகள் இருக்கும். அவற்றின் வழியே நீர் வாய்க்காலில் இறங்கும். அளவுக்கு மேல் நீர் வந்தால் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்குக் கலங்கல் இருக்கும். கலங்கலில் வழியும் நீர் வீணாவதில்லை. கீழேயுள்ள அடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு ஏரிகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே மேலேயுள்ள ஏரியின் வரத்து வாய்க்கால் தூர்ந்தால் கீழேயுள்ள நான்கு ஊர்களும் வாடும்.

நீரைப் பங்கிடுவது நீர்க்கட்டியின் வேலை. அவன் எந்த மடையையும் தன் விருப்பப்படி திறக்கலாகாது. மதகை அடுத்த நிலக்காரனுக்கும் கடைமடை நிலக்காரனுக்கும் முறை தவறாமல் நீர் விட வேண்டும். அதற்குக் கூலியாக ஒவ்வொரு களத்திலும் அவனுக்கு நெல் அளக்கப்பட்டது. கோடையில் வண்டல் எடுத்தல், கரையின் உடைப்பை அடைத்தல், வாய்க்கால் தூர்வாருதல் ஆகியவை குடிமராமத்து என்ற பெயரில் ஊராராலேயே செய்யப்பட்டன. வாரிய வண்டல் வயலுக்கு எருவாயிற்று. பிரெஞ்சு ஆட்சியிலும் பாசனதாரர்களைக் கொண்ட விவசாயச் சங்கங்கள் சில ஏரிகளைக் கவனித்து வந்தன.

இம்முறை தளர்ந்தது எவ்வாறு? மின்சாரமும் ஆழ்குழாய்க் கிணறும் வந்தபின், நிலமும் வசதியும் உடையவர் ஏரியை எதிர்பார்க்க வேண்டிய அவசியமில்லாது போயிற்று. அவர் விலகிய பின் குடிமராமத்துக்கு ஆள் குறைந்தது, ஏரி தூர்ந்தது, தூர்ந்த ஏரியை நம்ப முடியாமல் மற்றவரும் கிணறு தோண்டினர். நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே இறங்கிற்று. கடலோர ஊர்களில் உவர் நீர் உட்புகுந்தது. ஏரி நிரம்பினால்தான் கிணறும் நிரம்பும் என்ற எளிய உண்மை காலம் கடந்தே உணரப்பட்டது. 1999-ம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியுடன் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கி, அந்த 84 ஏரிகளுக்கும் பயன்பெறுவோர் சங்கங்களை அமைக்க முற்பட்டது. 2008-ம் ஆண்டில் ஊசுட்டேரியின் புதுவைப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

துணியால் வளர்ந்த நகரம்

இனி நெசவைப் பார்ப்போம். அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ரோமாபுரியோடு வாணிபம் நடந்ததற்குச் சான்றான மட்கலங்களும் செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. அத்தொட்டிகள் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டவையாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. பின்வந்த அறிஞர் எல்லோரும் அதனை ஏற்கவில்லை. ஆனால் கிறிஸ்துவுக்கு முன்பின்னான நூற்றாண்டுகளிலேயே இது கடல் வாணிபத் துறையாக விளங்கியது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

பிரெஞ்சுக் கும்பினியார் 1673-ம் ஆண்டில், வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடியின் அனுமதியுடன் இங்கே காலூன்றினர். அவர்கள் நாடி வந்த சரக்கு துணியே. ஆகவே பிரான்சுவா மார்த்தேன் முதலிய தலைவர்கள் நெசவாளரையும் சாயக்காரரையும் வணிகரையும் நகரத்தில் குடியேறச் செய்தனர். 1693 முதல் 1699 வரை நகரம் டச்சுக்காரர் கையில் இருந்தது. இன்று நாம் காணும் நேர்வீதிகளின் திட்டம் அக்காலத்தில் உருவாயிற்று.

நகரத்தின் வளர்ச்சியில் துயரமும் கலந்திருந்தது. 1748-ம் ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்ட சமயத்தில், துய்ப்ளேயின் ஆட்சியில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்நிகழ்ச்சியை வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் மக்களின் பொருளுதவியால் வேறோரிடத்தில் அக்கோயில் மீண்டும் எழுந்தது. 1761-ம் ஆண்டில் நகரத்தையே ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். 1765-ம் ஆண்டில் அது பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியபோது, மீண்டும் வீடு கட்டவும் தறி பூட்டவும் வேண்டியிருந்தது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலின் கதி வேறு. அதன் தேர்த் திருவிழாவில் பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடிக்கும் வழக்கம் ஏற்பட்டது; இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வைகாசித் தேரின் வடத்தைத் தொட்டுத் தொடங்கி வைக்கின்றனர்.

கும்பினி வியாபாரம் நடந்த முறையை நெசவாள அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். கும்பினி நேரே நெசவாளனிடம் செல்லாது. வணிகரோடு ஒப்பந்தம் செய்து முன்பணம் கொடுக்கும். வணிகர் தரகரிடமும், தரகர் நெசவாளனிடமும் அப்பணத்தைச் சேர்ப்பர். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு பங்கு குறையும். துணியின் நயம் புஞ்சக் கணக்கில் அளக்கப்பட்டது; ஒரு புஞ்சம் 120 இழை. பாவில் எத்தனை புஞ்சம் என்று எண்ணியே விலை வகுத்தனர். ஒப்பந்த மாதிரிக்குக் குறைந்த துணி கழிக்கப்படும். கழிவின் நஷ்டம் இறுதியில் நெசவாளன் தலையில் விழும். பஞ்சத்தில் பருத்தியும் அரிசியும் விலை ஏறினாலும் பேசிய விலை பேசியதே. முன்பணம் பெற்றவன் வேறொருவருக்கு நெய்து கொடுக்கவும் முடியாது. நூல் அவனுடையது, தறி அவனுடையது, உழைப்பு அவனுடையது. விலை சொல்லும் உரிமை மட்டும் அவனிடம் இல்லை.

புதுவைத் துணிகளில் உலகப் புகழ் பெற்றது அவுரியில் தோய்த்த நீலத் துணி. பிரெஞ்சுக்காரர் அதனை ‘கினே’ என்றனர். சுற்றுப்புற வயல்களில் விளைந்த அவுரித் தழையைத் தொட்டியில் ஊறவைத்து, நீரை அடித்துக் கலக்கி, அடியில் தங்கிய வண்டலைக் கட்டியாக்கி, அதைக் கொண்டு சாயமேற்றினர். அத்துணி பிரான்சு வழியாக ஆப்பிரிக்காவின் செனகால் நாட்டுக்குச் சென்றது. அங்கே கருவேலம் பிசினை வாங்குவதற்கு அது பணத்தைப் போலவே வழங்கிற்று. அப்பிசின் ஐரோப்பிய ஆலைகளில் துணிக்கு அச்சுப் பதிக்கப் பயன்பட்டது. புதுவைத் தறியில் நெய்த துணியை உடுத்தி, பாலைவன ஓரத்து மக்கள் வாழ்ந்தனர்.

இவ்வியாபாரத்தில் போலிகள் புகுந்தன. நீளம் குறைந்ததும் எடை குறைந்ததுமான துணிகள் கலந்ததால் செனகாலில் புதுவைத் துணியின் மதிப்புக் கெட்டது. ஆகவே 1843-ம் ஆண்டில் பிரெஞ்சு அரசு, குறித்த அளவும் எடையும் உடைய துணியே அங்கு செல்லலாம் என்று விதித்தது. நம் சங்கங்கள் முத்திரையிட்டு விற்கும் இக்காலத்துக்கும் இது பொருந்தும் பாடமாகும். ஒருவன் குறைத்து நெய்த ஒரு முழம், ஊர் முழுவதன் பெயரையும் குறைக்கும். 1897-ம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்த பின் அவுரிச் சாகுபடி விரைவில் மங்கியது. உழவனும் சாயக்காரனும் ஒருங்கே வருவாய் இழந்தனர்.

நிலக்கடலையும் ஆலைகளும்

அவுரி மங்கிய வேளையில் உழவருக்குத் துணை நின்றது நிலக்கடலை. 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே தென்னார்க்காட்டுக் கடலை புதுவைத் துறைமுகத்தின் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகர எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. 1879-ம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. மூட்டைகள் மேலும் பெருகின. இங்கும் விலையை மார்சேய்ச் சந்தையே நிர்ணயித்தது.

நகரத்தில் ஆலைகள் எழுந்தன. சவானா ஆலை பின்னர் சுதேசி என்றும், கெப்ளே ஆலை பின்னர் பாரதி என்றும் பெயர் பெற்றன. முதலியார்பேட்டையில் 1898-ல் தொடங்கிய ரோடியர் ஆலை ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆயிற்று. கைத்தறியை விட்டு வந்தவர்களும் நிலமற்ற உழவர்களும் ஆலைக்குள் சென்றனர். நீண்ட வேலை நேரத்தையும் குறைந்த கூலியையும் எதிர்த்து அவர்கள் போராடியபோது, 1936-ம் ஆண்டு ஜூலை 30-ம் நாள் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது; 12 தொழிலாளர் உயிர் இழந்தனர். அடுத்த ஆண்டில் 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. வ. சுப்பையா முதலியோர் தலைமையில் நடந்த அப்போராட்டம் பின்னர் விடுதலை இயக்கத்துக்கும் வலுவூட்டியது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட இவ்வாலைகளும் நிலைக்கவில்லை. ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2011-ம் ஆண்டுத் தானே புயலால் பெருஞ்சேதமுற்று, 2020-ம் ஆண்டு ஏப்ரல் இறுதியோடு முறையாக மூடப்பட்டது.

கூட்டுறவின் காலம்

1904-ம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் வந்தது. அவ்வாண்டிலேயே பெரிய காஞ்சிபுரத்தில் கூட்டுறவு நகர வங்கி பதிவாயிற்று. நாட்டின் முதல் நகரக் கூட்டுறவு வங்கி ஒரு கோயில் நகரத்தில், நெசவாளர் நிறைந்த ஊரில், தோன்றியது நினைக்கத் தக்கது. 1935-ல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் சங்கமான கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. புதுவை அப்போது வேற்று நாட்டு ஆட்சியில் இருந்தமையால் இச்சட்டங்கள் இங்கு வரவில்லை.

1954-ம் ஆண்டு அக்டோபர் 18-ம் நாள் வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றனர். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ல் இணைப்புச் சட்டப்படி முழுமை பெற்றது. 1972-ல் புதுவைக்கெனத் தனிக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. கைத்தறிக்குப் பாண்டெக்ஸ், பாலுக்குப் பாண்லே, நூலுக்குத் திருபுவனைக் கூட்டுறவு நூற்பாலை, கரும்புக்கு லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எனப் பல நிலையங்கள் தோன்றின. பழைய கல்லூரி நின்ற திருபுவனையில் நூற்பாலையும் அமைந்தது இவ்வட்டாரத்தின் தொடர்ச்சியைக் காட்டுகிறது.

சங்கம் என்ற பெயர் மட்டும் ஒருவரையும் காக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். சர்க்கார் மானியத்தை மட்டும் நம்பி, பொதுக்குழுவில் கணக்கைக் கேட்காமல், ஆண்டுக்கு ஒருமுறை கையொப்பமிட்டுச் செல்லும் அங்கத்தினர், முன்பணத்துக்குக் காத்திருந்த கும்பினிக் கால நெசவாளனின் நிலையிலேயே இருக்கிறார். கொடுப்பவன் மாறினான், காத்திருப்பு மாறவில்லை.

ஆதலால் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. உழவர்கள் தம் ஏரியின் பயன்பெறுவோர் சங்கத்தில் கடைமடை நிலக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் பெண்களுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசிக்கு முன் வரத்து வாய்க்கால் தூர்வாரப்பட்டதா என்று நேரில் சென்று காண வேண்டும். கிணறு உடையவரும் ஏரிக்குத் தம் பங்கைச் செலுத்த வேண்டும். கிணற்றின் ஊற்று ஏரியிலிருந்தே வருகிறது. நெசவாளர்கள் இழை எண்ணிக்கையிலும் அளவிலும் சாய உறுதியிலும் ஒரு குறையும் வராமல் தம் சங்க முத்திரையைக் காத்தல் வேண்டும். ஒரே வாணிபரை நம்பாமல் விற்பனைக்குப் பல வழிகளைச் சங்கம் தேட வேண்டும். எல்லா அங்கத்தினரும் வரவு செலவு அறிக்கையைப் பொதுக்குழுவுக்கு முன்பே கேட்டு வாங்கிப் படித்து, விளங்காத இடத்தில் வினவ வேண்டும்.

கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்று 1,100 ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்தவர்கள் நம் நாட்டார். அச்சபைக்குள் அன்று நுழைய இயலாதிருந்த உழவரும் நெசவாளரும் இன்று வாக்குரிமையோடு அமர்ந்திருக்கின்றனர். அடுத்த பொதுக்குழுவின் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, தவறாமல் வந்து அவ்வுரிமையைப் பயன்படுத்துமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.